‘தெரியவில்லை’ என்று சொன்ன பக்கம்

கனிஷாய் வங்கி வேலையை உதறிவிட்டு ஊருக்குத் திரும்பிய அன்று அவளை ஏற்றிக்கொண்டு வந்தவன் நான்தான். என் பெயர் ஷேர்காஜி. தலைநகர் பிஷ்கேக்குக்கும் எங்கள் அர்பாசூவுக்கும் நடுவே, துராபெல் கணவாய் வழியாக வேன் ஓட்டுவதுதான் என் பிழைப்பு.

வேலையை உதறியதாக அவள் சொன்னாள். துரத்திவிட்டார்கள் என்று ஊர் சொன்னது. இரண்டிலும் உண்மை இருந்தது. வங்கியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் இருந்தாள். ஒருநாள் மேலாளர் எதையோ தட்டப் போய், பணம் எடுக்கும் இயந்திரங்கள் எல்லாம் நகரம் முழுக்கச் செத்துக் கிடந்தன. யார் தட்டினார் என்பது சர்வரில் தானாகவே பதிவாகியிருந்தது. அந்தப் பதிவை அழித்துவிடு என்றார் மேலாளர். முடியாது என்றாள் கனிஷாய். அப்படியானால் ராஜினாமா எழுதிக்கொடு என்றார். எழுதினாள், காரணத்தையும் சேர்த்து எழுதினாள். ஒரு நகலை அவரிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றை எல்லோரும் காபி எடுக்கும் இடத்துக்கு மேலே ஒட்டிவிட்டு வந்தாள். பெண்ணின் வாய் அவளுக்குச் சோறு போடாது என்று எங்கள் சந்தையில் பேசிக்கொண்டார்கள். அவள் அம்மா ஜூராவும் அதையேதான் சொன்னாள், கொஞ்சம் பெருமையோடு.

அன்று அவள் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தாள். அக்டோபர் முடியப் போகிற நேரம். அடிவாரத்தில் காற்று வேனை ஒரு பக்கமாகத் தள்ளியது. அவள் போனில் மாவட்ட அலுவலகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து, துராபெல் திறந்திருக்கிறது என்று படித்தாள். பச்சை எழுத்து.

“அது ஜூலை மாசமும் அதையேதாம்மா சொல்லுச்சு” என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, நானும் அந்தப் பச்சையைக் கொஞ்சம் நம்பித்தான் ஏறினேன். உச்சியில் ஒரு லாரி குறுக்கே நின்றிருந்தது. அதற்கு முன்னாலும் பின்னாலும் சாலையே இல்லை, வெள்ளைதான். திரும்பிப் போகவும் வழியில்லை. பொழுது விடியும்வரை எஞ்சினைப் போட்டும் அணைத்தும் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தோம். பயணிகளில் கால்நடை மருத்துவர் அப்தில் இருந்தார். புகைக்குழாயைப் பனி மூடிவிடாமல் அடிக்கடி இறங்கி மண்வெட்டியால் தள்ளியவர் அவர்தான். அவருடைய சப்பாத்து நனைந்துவிட்டதை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பிறகு மருத்துவமனையில் அவருடைய இடது கால் விரல்களில் இரண்டை எடுத்தார்கள்.

காலையில் பனி அள்ளும் வண்டி வந்தது. ஓட்டி வந்தவர் முகாஷ், சாலைப் பிரிவின் ஊழியர், அதிகம் பேசாத மனிதர். கணவாய் அடைபட்டுவிட்டது என்று முந்தின நாள் காலையிலேயே வயர்லெஸ்ஸில் அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். கனிஷாய் வேனிலிருந்து இறங்கி, போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அப்போதும் பச்சையாகத்தான் இருந்தது. முகாஷ் அதைப் பார்த்தார். கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அடுத்த வாரமே அவள் மாவட்ட அலுவலகத்துக்குப் போனாள். துணைத் தலைவர் எமில்பெக் சாதிரோவிச் அவளை உட்காரவைத்துப் பேசினார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். திருமணம், சாவு எதையும் தவறவிடாதவர். ஆனால் மேலே இருப்பவர்களின் முகம் சுளிக்கக் கூடாது என்பதிலேயே ஆயுளைக் கழித்தவர். அந்தப் பக்கத்தைத் தலைநகரத்து நிறுவனம் ஒன்று செய்து கொடுத்ததென்றும், ‘திறந்திருக்கிறது’ என்பது எழுத்தே அல்ல, மலைப் படத்தோடு சேர்த்து வரைந்ததென்றும், அதை மாற்ற வேண்டுமானால் புது ஒப்பந்தம் போட வேண்டுமென்றும் பொறுமையாக விளக்கினார். கனிஷாய் இதை எங்கள் வேன் நிறுத்தத்தில் வந்து சொன்னபோது நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

கணவாய் திறந்திருக்கிறதா என்று நீங்கள் எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள் என்று கேட்டாள். மலைக்கு அப்புறத்திலிருந்து வருகிறவனுக்குப் போன் போடுவோம், எடுத்தால் உண்டு, இல்லையென்றால் போய்த்தான் பார்ப்போம் என்றோம். அவள் வீட்டுக்குப் போனாள். சில நாள் கழித்து என்னை வரச் சொல்லியனுப்பினாள்.

சமையலறை மேசையில், ஜூரா பொரித்து வைத்த போர்சோக் மாவுத் துண்டுகளின் தட்டுக்குப் பக்கத்தில் அவளுடைய லேப்டாப் இருந்தது. திரையில் பெரிய எழுத்தில் துராபெல் என்று ஒரு சொல். அதன் கீழே பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. கடைசியாகக் கணவாயைக் கடந்தது யார், எப்போது என்று ஒரு வரி. கடந்த ஓட்டுநர் தன் போனிலிருந்து ‘திறந்திருக்கு’, ‘மூடியிருக்கு’ இரண்டில் ஒன்றைத் தட்டினால் போதும். அவ்வளவுதான் மொத்தமும்.

நான் என் போனை எடுத்து, எங்கே பார்ப்பது என்று கேட்டேன். இன்னும் போனில் வராது, இந்த லேப்டாப்பில் மட்டும்தான் தெரியும் என்றாள்.

“அப்ப கணவாய் திறந்திருக்கான்னு தெரிஞ்சுக்க நான் உங்க வீட்டுக்கு வரணுமா? அதுக்குக் கணவாய்க்கே போயிடலாமே.”

“அதுக்குத்தாண்ணே உங்களைக் கூப்பிட்டேன். இதை வெளியில வைக்கணும். வச்சா உங்க ஆளுங்க நிஜமாவே தட்டுவாங்களா, இல்ல ரெண்டு நாள் தட்டிட்டு விட்டுடுவாங்களா? அதை மட்டும் சொல்லுங்க.”

அப்தில் மருத்துவரின் கால் விரல்களை நினைத்துக்கொண்டு, தட்டுவோம் என்றேன்.

வெளியில் வைப்பது என்றால் என்ன என்று எனக்கு அப்போது தெரியாது. அவள் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் கொஞ்சம் புரிந்தது. பிஷ்கேக்கில் எங்கோ ஒரு கூடத்தில் எப்போதும் தூங்காத இயந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் ஒன்றில் ஒரு மூலையை அவள் வாடகைக்கு எடுத்தாள். அதில் லினக்ஸ் என்ற இயங்குதளம் இருந்தது. ஜன்னலும் இல்லை, படமும் இல்லை, கறுப்புத் திரையும் துடிக்கிற ஒரு கோடும் மட்டும். அவள் ஒரு கட்டளையைத் தட்டுவாள், அங்கிருந்து பதில் வரும். சில நேரம் பதிலே வராது. அப்படியென்றால் வேலை நடந்துவிட்டது என்று அர்த்தம் என்றாள். முகாஷ் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் அந்த இயந்திரத்தில் அதிகாரம் எதுவும் இல்லாத ஒரு பயனரை உண்டாக்கி, அந்தப் பக்கத்தை நடத்தும் தன் நிரலை அவன் பெயரில் வைத்தாள். யாராவது திருட்டுத்தனமாக நுழைந்தாலும் அந்த ஒரு அறைக்கு மேல் போக முடியாதாம். பிறகு வாசலில் ஒரு காவலாளியை நிறுத்தினாள். அதுவும் ஒரு நிரல்தான். வெளியிலிருந்து கேட்கிறவர்களை அது வரவேற்று, உள்ளே இருக்கும் எங்கள் துராபெல் நிரலிடம் அழைத்துப் போகும். தேவைப்படாத வாசல்களை எல்லாம் அடைத்தாள். துராபெல் என்ற பெயரிலேயே ஒரு முகவரி வாங்கி அந்த இயந்திரத்தை நோக்கித் திருப்பிவிட்டாள்.

என் போனில் முகவரியைத் தட்டினேன். வந்தது. சமையலறையில் உட்கார்ந்து, பிஷ்கேக்கில் இருக்கும் இயந்திரத்திடம், எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் மலையைப் பற்றிக் கேட்டேன். அது பதில் சொன்னது. ஜூரா இதற்கா இத்தனை நாள் என்று கேட்டுவிட்டு எனக்கு இன்னொரு கிண்ணம் பால்தேநீர் ஊற்றினாள்.

வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் பெருமையாகக் காட்டப் போனால், பக்கம் இல்லை. காவலாளி மட்டும் ஏதோ ஆங்கிலத்தில் முணுமுணுத்துக்கொண்டு நின்றான். கனிஷாய்க்குப் போன் போட்டேன். அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். நிரலைத் தன் கையால் ஓடவிட்டிருக்கிறாள். லேப்டாப்பை மூடியதும் கையோடு அதுவும் படுத்துவிட்டது. மறுநாள் அதை இயந்திரத்தின் பொறுப்பிலேயே ஒப்படைத்தாள். விழுந்தால் இயந்திரமே எழுப்பிவிடும், மின்சாரம் போய் வந்தாலும் எழுப்பிவிடும். எனக்கு எதிரிலேயே நிரலைக் கொன்று காட்டினாள், அது எழுந்து நின்றது. இன்னொரு தடவை கொன்றாள். அதற்கும் எழுந்தது. அன்று அவள் முகத்தில் பார்த்த சிரிப்பைப் பிறகு பல தடவை பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் யாராவது அவளிடம் முடியாது என்று சொன்ன பிறகு.

நவம்பரில் ஓட்டுநர்கள் எல்லோரும் தட்ட ஆரம்பித்தோம். அப்போதுதான் அந்தச் சங்கதி நடந்தது. மேலே சூறைக்காற்று. நான் பாதி வழியிலேயே திரும்பி, ‘மூடியிருக்கு’ என்று தட்டினேன். கீழே வந்து பார்த்தால் பக்கம் இன்னும் பச்சை. திரும்பத் தட்டினேன். பச்சை. நிறுத்தத்தில் ஒருவன் அந்தப் பச்சையைப் பார்த்து ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தான். நான் ஓடிப்போய் அவன் வேனின் கதவைப் பிடித்து நிறுத்தினேன்.

கனிஷாய்க்குச் சொன்னதும் அவள் முதலில் செய்த காரியம், பக்கத்தையே இழுத்து மூடியது. சரிசெய்யும்வரையாவது இருக்கட்டுமே என்றேன்.

“பொய் சொல்ற பக்கம் இந்த மாவட்டத்துல ஏற்கெனவே ஒண்ணு இருக்குண்ணே. ரெண்டாவது வேண்டாம்.”

அந்த அதிகாரமில்லாத பயனருக்கு அவள் எல்லாவற்றையும் படிக்க அனுமதி கொடுத்திருந்தாள். எழுத அனுமதி கொடுக்க மறந்திருந்தாள். அதற்கு முந்தின நாள்தான் பாதுகாப்புக்காக எதையோ இறுக்கினாளாம். நாங்கள் தட்டியதெல்லாம் வாசலோடு போயிருக்கிறது. இதைச் சரிசெய்ய ஒரு கட்டளை போதுமாக இருந்தது. ஆனால் அவளுக்கு அது போதவில்லை. எழுத முடியாமல் போனாலும், யாரும் தட்டாமல் போனாலும், பழைய பச்சை அப்படியே நின்றுவிடுகிறதே என்பதுதான் அவளை அரித்தது. அன்றே ஒரு மாற்றம் செய்தாள். அரை நாளுக்குள் புதுச் செய்தி வரவில்லை என்றால் பக்கம் தானாகச் சாம்பல் நிறமாகிவிடும். அதில் ஒரே சொல் இருக்கும்: தெரியவில்லை.

ஓட்டுநர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. தெரியாது என்று சொல்வதற்கு ஒரு இயந்திரமா என்று கேலி பேசினார்கள். ஆனால் டிசம்பருக்குள் எல்லோருக்கும் பழகிவிட்டது. சாம்பல் என்றால் ஏற மாட்டோம், யாராவது ஒருவன் ஆளில்லாத வண்டியில் பாதிவரை போய்ப் பார்த்துவிட்டு வந்து தட்டுவான். கீழே கிராமங்களில் பெண்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தக் குளிர்காலம் முழுக்க மேலே யாரும் இரவைக் கழிக்கவில்லை.

பிப்ரவரியில் மாநில ஆளுநர் குதிரைப் பந்தயம் பார்க்க எங்கள் ஊருக்கு வருவதாக இருந்தது. வருவதற்கு முன் அவருடைய ஆட்கள் எங்கள் பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள். சாம்பல். எமில்பெக் சாதிரோவிச் தாமே கனிஷாயின் வீட்டுக்கு வந்தார். நான் அப்போது ஜூராவுக்கு மாவு மூட்டை இறக்க வந்திருந்தேன். மூட்டையை வைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டேன்.

அவர் முதலில் அம்மாவின் முழங்கால் வலியை விசாரித்தார், பிறகு ஆட்டு மந்தையை. அதற்கப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்.

“பாரும்மா, திறந்திருக்குன்னு போடு. இல்லையா, மூடியிருக்குன்னு போடு. தெரியலன்னா என்ன அர்த்தம்? இந்த மாவட்டத்துல நிர்வாகமே இல்லன்னு அர்த்தம்.”

“தெரியலன்னா தெரியலன்னுதான் அர்த்தம், எமில்பெக் சாதிரோவிச். மேல போய்ப் பார்த்த ஆளு யாரும் இன்னும் சொல்லல. உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க தட்டுங்க. பேரோட தட்டணும்.”

“ஜனங்க பயப்படறாங்க.”

“பயந்தவங்க வீட்ல பத்திரமா இருக்காங்க. விரல் எல்லாம் இருக்கு.”

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பள்ளியில் கணினி ஆசிரியர் இடம் ஒன்று காலியாக இருப்பதாகவும், அதற்கு அவள் பெயர்தான் பேச்சில் இருப்பதாகவும் சொன்னார். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அந்த வேலைக்கு அவள் ஆசைப்பட்டாள், அது எனக்குத் தெரியும். வெளியூர் நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்து அலுத்துப்போயிருந்தாள்.

“அந்தச் சாம்பலுக்கு விலை பேசறீங்களா?” என்று கேட்டாள்.

அவர் எழுந்து கல்பாக் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். வாசல்வரை போய் வழியனுப்பியவள் ஜூராதான். திரும்பி வந்ததும் மகளை ஒரு பிடி பிடித்தாள். வந்தவரை டீயாவது குடித்து முடிக்க விட்டிருக்கலாம், இந்த வீட்டுக்கு வந்தவர் யாரும் இதுவரை பாதிக் கிண்ணத்தோடு போனதில்லை என்று பொரிந்துவிட்டு, அந்தப் பாதிக் கிண்ணத்தை முற்றத்தில் கொட்டினாள். “ஆனா நீ மாத்தினேன்னா வீட்டுக்குள்ள வராதே” என்றாள்.

பந்தயம் முடிந்த சில நாளில் பக்கம் காணாமல் போனது. இந்தத் தடவை காவலாளிகூட இல்லை. கனிஷாய் பிஷ்கேக்குக்குப் போன் செய்தாள். பொய்த் தகவலால் மக்களிடையே பீதி உண்டாக்குவதாக மாவட்டத்திலிருந்து முத்திரையோடு கடிதம் வந்ததாகவும், அதனால் இயந்திரத்தை நிறுத்திவிட்டதாகவும் அங்கிருந்த பையன் சொன்னானாம். மன்னிப்பும் கேட்டானாம். அதே நாளில் அவளுக்கு ஓர் அழைப்பும் வந்தது. செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்கு வந்து, இனி இப்படி நடத்தமாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மேலே பனி பெய்துகொண்டிருந்தது. வண்டி ஓட்ட வழியில்லாத ஓட்டுநர்கள் எல்லோரும் அவளோடு அலுவலகத்துக்குப் போனோம். கூட்டத்தில் இருக்கிறார், காத்திருங்கள் என்றாள் செயலாளர் பெண். தாழ்வாரத்தில் ஒரு நீள பெஞ்சு. சுவரில் அந்த மலைப் படம், பச்சை எழுத்தோடு. வெகு நேரம் உட்கார்ந்திருந்தோம். யாரோ பையிலிருந்து குருத் என்ற காய்ந்த தயிர் உருண்டைகளை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். உப்பு உருண்டையை வாயில் அதக்கிக்கொண்டு நான் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், கனிஷாய் லேப்டாப்பை மடியில் வைத்துத் திறந்திருந்தாள்.

“இங்கயேவா?” என்றேன்.

“சும்மாதானே உக்காந்திருக்கோம். உங்க போன்ல இன்டர்நெட் இருக்கா? கொடுங்க.”

எல்லைக்கு அப்பால் வேறொரு நாட்டில் ஒரு புது இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தாள். எங்கள் மாவட்ட முத்திரைக்கு அங்கே மதிப்பில்லை. கறுப்புத் திரை வந்தது. நவம்பரில் வாரக்கணக்கில் தடுமாறிச் செய்ததை எல்லாம் இப்போது அவள் விரல்கள் நிற்காமல் செய்தன. அதிகாரமில்லாத பயனர், அவனுக்குப் படிக்கவும் எழுதவும் அனுமதி, வாசலில் காவலாளி, அடைத்த கதவுகள், விழுந்தால் எழுப்பிவிடும் ஏற்பாடு. எங்களுடைய பழைய செய்திகளின் நகலைத் தன் லேப்டாப்பில் தினமும் எடுத்து வைத்திருந்தாள், அதையும் ஏற்றினாள். கடைசியாக முகவரியைப் பழைய இயந்திரத்திலிருந்து புதியதை நோக்கித் திருப்பினாள்.

பிறகு நின்றுவிட்டாள். முகவரிக்குப் பக்கத்தில் பாதுகாப்பைக் காட்டும் பூட்டுச் சின்னத்துக்கான சான்றிதழைக் கேட்டால், தர முடியாது என்று பதில் வந்தது. முகவரி இன்னும் திரும்பவில்லையாம். உலகம் முழுக்கச் செய்தி போய்ச் சேர வேண்டும், அதுவரை பழைய இடத்தைத்தான் எல்லோரும் தட்டிக்கொண்டிருப்பார்கள் என்றாள். நாங்கள் வரிசையாக உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை. வரவில்லை. பெஞ்சின் கடைசியில் இருந்தவர் வாய்விட்டுச் சலித்துக்கொண்டார். சத்தம் போடாதீர்கள் என்று செயலாளர் பெண் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். கதவை மூடவில்லை. கொஞ்ச நேரம் எங்களையே பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள்:

“வந்துருச்சா? எங்க வீட்டுக்காரர் பிஷ்கேக்ல நிக்கிறார். ஏறலாமா வேண்டாமான்னு காலைலேர்ந்து கேட்டுட்டே இருக்கார்.”

“வேண்டாம்னு சொல்லும்மா. இப்ப வந்துடும்” என்றாள் கனிஷாய், தலையைத் தூக்காமல்.

வந்தது. முதலில் என் போனில், பிறகு ஒவ்வொருவர் போனிலுமாக. துராபெல், சாம்பல் நிறம், தெரியவில்லை. அந்தச் சொல்லைப் பார்த்து அவ்வளவு பேர் சந்தோஷப்பட்டதை நான் வேறெங்கும் கண்டதில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பல் சிவப்பாக மாறியது. கீழே ஒரு வரி: மூடியிருக்கிறது. முகாஷ், பனி அள்ளும் வண்டி.

அதுவரை அவர் ஒரு தடவைகூடத் தட்டியதில்லை. சாலைப் பிரிவு ஆட்கள் வெளியே எதுவும் சொல்லக் கூடாது என்று எழுத்திலேயே உத்தரவு இருந்தது. மேலே, வண்டிக்குள் உட்கார்ந்து, பக்கம் திரும்ப வருமா என்று அவரும் காலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

உள்ளே கூப்பிட்டார்கள். நானும் கூடவே நுழைந்தேன், யாரும் தடுக்கவில்லை. எமில்பெக் சாதிரோவிச் தாளை அவள் பக்கம் நகர்த்தி, பேனாவையும் வைத்தார். பக்கத்தைத்தான் எடுத்தாகிவிட்டதே, இது வெறும் சடங்குதான் என்றார்.

“எடுத்தீங்க. திரும்ப வச்சாச்சு.”

“எப்போ?”

“இப்பத்தான். உங்க பெஞ்சுல.”

அவர் போனை எடுத்துப் பார்த்தார். சிவப்பையும் பெயரையும் பார்த்தார். கழுத்து முதலில் சிவந்தது, பிறகு காது. இன்னொரு கடிதம் எழுதத் தனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார்.

“எழுதுங்க. நீங்க எழுதி, மேல கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி, வேற நாட்டுக்கு அனுப்பி, அவங்க படிச்சுச் சிரிச்சு முடிக்கறதுக்குள்ள நான் இன்னொரு இடத்துல வச்சிடுவேன். அதையும் எடுத்தீங்கன்னா அதுக்கடுத்த இடம். எனக்கு இது டீ ஆறுற நேரத்து வேலை. கையெழுத்து மட்டும் போட மாட்டேன். மேல மூடிக் கெடக்கு, நீங்க திறந்திருக்குன்னு சுவத்துல மாட்டி வச்சிருக்கீங்க. பீதியைக் கிளப்புறது யாரு?”

அவர் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அவளைப் போகச் சொன்னார்.

வெளியில் வந்ததும் அவளுடைய லேப்டாப்பை நான் வாங்கிக்கொண்டேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்சம் தண்ணீர் கேட்டாள். செயலாளர் பெண் கொண்டுவந்து கொடுத்தாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். பள்ளி வேலை வேறொருவருக்குப் போனது. முகாஷைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நான் மேலே இருந்தேன், நீங்கள் இல்லை என்று சொன்னாராம், அவ்வளவுதான் சொன்னாராம். அவரைப் பனி வண்டியிலிருந்து இறக்கி, கிடங்கில் சக்கரச் சங்கிலி எண்ணும் வேலைக்கு அனுப்பினார்கள். கனிஷாய் அவர் வீட்டுக்கே போய், தன்னால்தான் இப்படி ஆனது என்று வருத்தப்பட்டாள். “ஒன்னால இல்ல. எனக்கும் வாய் இருக்கு” என்றாராம். மார்ச் மாதத்தில் பெரிய பனிச்சரிவு வந்து, அவருக்குப் பதிலாகப் போட்ட ஆள் வண்டியைப் பள்ளத்தில் இறக்கிய பிறகு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் சாவியை அவரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவர் தினமும் தட்டுகிறார். மற்றப் பனி வண்டிக்காரர்களும் தட்டுகிறார்கள். எழுத்தில் இருந்த உத்தரவை யாரும் ரத்து செய்யவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை.

இரண்டாவது கடிதம் வரவில்லை. கோடையில் அலுவலகம் வேறு மாதிரி வந்தது. பக்கத்தை மாவட்டமே எடுத்து நடத்தும், மேலே மாவட்டத்தின் பெயர் இருக்கும், கனிஷாய்க்கு மேடையில் பாராட்டு உண்டு என்றார்கள். நிரல் எல்லோருக்கும் திறந்துதான் கிடக்கிறது, எடுத்து உங்கள் சர்வரில் வைத்துக்கொள்ளுங்கள், என்னுடையது இருக்கிற இடத்திலேயே இருக்கும் என்று அவள் பதில் அனுப்பினாள். அவர்கள் எடுத்து வைக்கவில்லை. சுவரிலிருந்த படத்தை மட்டும் கழற்றினார்கள். மேடைக்கு அவள் போகவில்லை. அன்று முற்றத்தில் உட்கார்ந்து அம்மாவோடு ஆட்டு ரோமம் கத்தரித்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் தெற்கே உள்ள பள்ளத்தாக்கிலிருந்து ஓர் அண்ணனும் தங்கையும் வந்தார்கள், இரண்டு பேரும் வேன் ஓட்டுகிறவர்கள். எங்கள் கணவாய்க்கும் ஒன்று வைத்துக் கொடுங்கள் என்றார்கள். கொடுக்கமாட்டேன், உட்கார்ந்து நீங்களே வையுங்கள், நாளைக்கு உங்கள் ஊரில் ஒருவர் கடிதம் எழுதினால் நீங்கள்தானே திரும்ப வைக்க வேண்டும் என்று அவர்களைச் சமையலறையில் உட்காரவைத்தாள். நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். தங்கை கெட்டிக்காரி, அண்ணன் அவசரக்காரன். பாதுகாப்பு என்று சொன்னதுதான் தாமதம், அண்ணன் எல்லா வாசல்களையும் ஒரே மூச்சில் அடைத்துவிட்டான், அவர்கள் உள்ளே போயிருந்த வாசலையும் சேர்த்து. திரை அப்படியே உறைந்து நின்றது. எதைத் தட்டினாலும் பதில் இல்லை.

“வேலை முடிஞ்சுருச்சா?” என்று கேட்டான் அவன், நம்பிக்கையோடு.

“வீட்டைப் பூட்டிட்டீங்க. சாவி உள்ள” என்றாள் கனிஷாய். ஜூரா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிற அளவுக்கு அவள் சத்தமாகச் சிரித்தாள். தங்கை அண்ணனை முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அந்த இயந்திரத்தை அழித்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.